பிளவர் மில்

எங்கள் தெரு முனையில் மாவு அரைக்கும் மில் ஒன்று இருந்தது. தெருவில் யாரும் அதை மில் என்று சொன்னதில்லை, மிஷின்தான். "ஏலே, மிஷின்ல கூட்டமான்னு எட்டிப் பாத்துட்டு வா" என்பாள் அம்மா. பெல்ட் ஓடும் சத்தம் நாலு வீடு தள்ளியே கேட்கும். வாசலில் ஒரு தகரப் பலகை. சாமி பெயர் பெரிதாக, அதன் கீழே தமிழில் 'பிளவர் மில்', அதற்கும் கீழே ஆங்கிலத்தில் அதையே. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது மாவு அல்ல, பூ. எஃப், எல், ஓ, டபிள்யூ, ஈ, ஆர்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கில வாத்தியார் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். ஒலி ஒன்று, பொருள் வேறு. நாற்பது ஜோடி. அவர் வாக்கியத்தைச் சொல்வார், நாங்கள் எழுத வேண்டும். எழுத்து மாறினால் விரல் முட்டியில் ஒரு அடி. மாவும் பூவும் அந்தப் பட்டியலில் ஒரு ஜோடி. அடி வாங்காமல் தப்பித்த ஒரு நாள் மாலை, கோதுமை டப்பாவை இறக்கி வைத்த கையோடு மில்காரரிடம் சொன்னேன்: "அண்ணாச்சி, போர்டுல இங்கிலீஷ் தப்பா இருக்கு. அது மாவு இல்ல, பூ."

அண்ணாச்சியின் புருவத்திலும் மீசையிலும் எப்போதும் மாவு படிந்திருக்கும். நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டார்: "இத்தன வருசத்துல போர்டப் பாத்துட்டு எவனாவது பூ அரைக்க வந்திருக்கானாடே?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு மொழியியல் புத்தகங்கள் சிலவற்றைப் புரட்டியிருக்கிறேன். அண்ணாச்சி சொன்னதைத்தான் அவையும் சொல்கின்றன, அடிக்குறிப்புகளோடு.

போர்டு தப்பே இல்லை என்பதும் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கொஞ்சம் பழையது, அவ்வளவுதான். கோதுமையை அரைத்துச் சலித்தால் தவிடு ஒரு பக்கம் போகும், குருணை ஒரு பக்கம் போகும், எல்லாவற்றிலும் மெல்லியதாகச் சல்லடைக்குக் கீழே விழுவதுதான் சிறந்தது. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் மாவின் பூ என்றார்கள். நாம் இட்லியைப் பூ மாதிரி என்று சொல்வதில்லையா, ஏறக்குறைய அந்த வழிதான். ஆங்கிலம் பூவையும் மாவையும் பிரெஞ்சிலிருந்து ஒரே சொல்லாகத்தான் வாங்கிக்கொண்டது. பல நூற்றாண்டு காலம் அப்படியும் இப்படியும் எழுதினார்கள். எந்த எழுத்து எந்தப் பொருளுக்கு என்ற கணக்கு கிடையாது. சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதியை வெளியிட்டபோதுகூட மாவுக்குத் தனி இடம் கொடுக்கவில்லை. பூ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பொருளாக அது ஒண்டிக்கொண்டிருந்தது. பாகப்பிரிவினை அதற்குப் பிறகுதான் முழுமையாக நடந்தது. டபிள்யூ பூவுக்கு, யூ மாவுக்கு. ஜான்சன் எங்கள் தெரு வழியாக நடந்துபோயிருந்தால் பலகையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருப்பார். அடி எனக்குத்தான் விழுந்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது ஒரு சிக்கல் கூடவே வருகிறது. ஆங்கிலத்தில் ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கும் சொற்களைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் தமிழில் எழுதியதும் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. நைட் என்றால் இரவு, நைட் என்றால் குதிரைவீரன். சன் என்றால் சூரியன், சன் என்றால் மகன். தமிழ் அர்த்தத்தை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒட்டாமல் என்னால் ஒரு அடி நகர முடியாது. ஒருவிதத்தில் இது நல்லதுதான். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் வைத்தால் கண்ணுக்கான அலங்காரம் கழன்று, காதுக்கு இருப்பது மட்டும் மிஞ்சுகிறது. பெர்னார்ட் ஷா இதற்காகத்தான் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். ஒலிக்கிறபடி எழுத ஒரு புது நெடுங்கணக்கு வேண்டும் என்று உயிலில் பணம் ஒதுக்கிவிட்டு 1950இல் இறந்தார். அந்த எழுத்தில் அவருடைய ஒரு நாடகம் 1962இல் அச்சாகி, பெரும்பாலும் வேடிக்கைப் பொருளாக நின்றுவிட்டது. அவர் கனவு நம் ஊர்க் கடைப் பலகைகளில் எப்போதோ நிறைவேறிவிட்டது.

நிறைவேறியதில் கொஞ்சம் அதிகமாகவே நிறைவேறிவிட்டது. ஆங்கிலத்தில் வேறு வேறாக ஒலிக்கும் சொற்களையும் நம் எழுத்து ஒன்றாக்கிவிடும். சுவரில் 'பைல்ஸ், பௌத்திரம்' என்று விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாலுகா ஆபீஸ் அலமாரி ஞாபகம் வரும். கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. தீர்ப்பே பந்து எதில் பட்டது என்பதைப் பொறுத்தது. தமிழில் எழுதினால் மட்டையும் பேட், காலில் கட்டுவதும் பேட். ஆனால் வாய் எழுத்தைவிடச் சாமர்த்தியமானது. மட்டையை நாம் 'பேட்டு' என்கிறோம், கால்காப்பை 'பேடு'. உகரம் ஒன்றைச் சேர்த்து, இரட்டித்தால் வல்லோசை, ஒற்றையாக விட்டால் மெல்லோசை என்று கடைசி எழுத்தைத் தீர்த்துக்கொள்கிறோம். முதல் எழுத்துக்குத்தான் வழியில்லை. இலங்கைத் தமிழர்கள் வேறு வழி போனார்கள். ஆங்கில டகரத்துக்கு அவர்கள் ரகரத்தையும் றகரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். முதல்முதலாக ஈழத்துக் கதை ஒன்றில் 'ரின் மீன்' என்று படித்தபோது சலவை சோப்புக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பினேன். தகர டப்பாவில் அடைத்த மீன்.

ஆங்கிலச் சொற்களுக்குத் திரும்புகிறேன். ஒரே ஒலியுள்ள ஜோடிகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. சில ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பூவும் மாவும் அப்படி. உலோகத்தைக் குறிக்கும் மெட்டலும் நெஞ்சுரத்தைக் குறிக்கும் மெட்டலும் அப்படி. ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினார்கள், மனிதனின் உறுதியை அவன் எந்த உலோகத்தால் ஆனவன் என்று கேட்ட காலம் அது. ஸ்டேஷனரி இன்னும் வேடிக்கை. காகிதமும் பேனாவும் ஒன்று, நகராமல் நிற்பது இன்னொன்று. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், எங்கள் வகுப்பில் அதிகம் பேர் அடி வாங்கிய ஜோடி. 'என்வலப்புக்கு ஈ, ஸ்டேஷனரிக்கும் ஈ' என்று வாத்தியார் ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார். சூத்திரத்துக்குப் பதிலாகக் கதையைச் சொல்லியிருந்தால் அடி மிச்சமாகியிருக்கும். இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வியாபாரிகள் மூட்டை தூக்கி ஊர் ஊராக அலைந்தவர்கள். பல்கலைக்கழகங்களின் அருகே புத்தகமும் தாளும் விற்றவர் மட்டும் ஓரிடத்தில் கடை போட்டு உட்கார்ந்தார். நின்ற இடத்தில் விற்றவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் விற்ற சரக்குக்கும் அந்தப் பெயர். லண்டனில் அவர்களுடைய சங்கம் 1557இல் அரச சாசனம் பெற்றது. ஆக, கடையும் நிற்பதுதான். ஓடுகிற ரயிலில் பத்து ரூபாய்க்கு நாலு பேனா என்று கூவி விற்பவரின் சரக்குக்கும் நாம் அதே பெயர்தான் வைத்திருக்கிறோம்.

வேறு சில ஜோடிகளுக்கு ரத்த உறவு எதுவும் கிடையாது. வெவ்வேறு ஊரில் பிறந்து, எங்கோ ஒரு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார நேர்ந்தவர்கள். இரவும் குதிரைவீரனும் அப்படி. சாசர் கவிதை எழுதிய 14ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டையும் யாரும் குழப்பியிருக்க முடியாது. வீரனுக்கு முதலில் நின்ற ககரம் நன்றாகவே ஒலித்தது. இரண்டு சொற்களிலும் நடுவில் இருந்த ஜி-எச் தொண்டையை உரசிக்கொண்டு வந்தது. ஏறக்குறைய 'நிஹ்ட்', 'க்னிஹ்ட்'. இரண்டு என்பதற்கான டூவில் டபிள்யூவை உண்மையாகவே உதடு குவித்துச் சொன்னார்கள்; ட்வெல்வ், ட்வென்டி, ட்வின் என்ற உறவுக்காரச் சொற்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இறைச்சி என்ற மீட்டும் சந்திப்பு என்ற மீட்டும் வேறு உயிரெழுத்துகள். எழுத்தில் ஒன்றுக்கு ஈ-ஏ, மற்றதற்கு இரண்டு ஈ என்று வைத்தது அழகுக்காக அல்ல. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அதைச் சுற்றிய இருநூறு முந்நூறு வருடங்களில்தான் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் வாய்க்குள் இடம் பெயர்ந்தன. அச்சு எழுத்துகள் வரிசையாக உறைந்துகொண்டிருந்தபோது ஒலி ஓடிக்கொண்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இறைச்சியும் சந்திப்பும் காதில் ஒன்றாகிவிட்டன.

அதனால் ஆங்கில ஸ்பெல்லிங்கில் அர்த்தமில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அதில் அர்த்தம் இருக்கிறது, ஐநூறு வருடம் பழைய அர்த்தம். காது மறந்துவிட்டதைக் கண் வைத்துக்கொண்டிருக்கிறது. பழைய வீட்டின் கதவில் யாரும் திறக்காத தாழ்ப்பாள் மாதிரி அந்த ககரம் குதிரைவீரனின் முன்னால் நிற்கிறது.

எந்தச் சொல்லும் எந்தச் சொல்லும் ஒன்றாக ஒலிக்கின்றன என்பதுகூட எல்லா ஊருக்கும் பொது இல்லை. எங்கள் பட்டியலில் நீதிமன்றமும் 'பிடித்தான்' என்ற சொல்லும் ஒரு ஜோடி. கோர்ட், காட். வகுப்பில் ஒருவனுக்கும் இது புரியவில்லை. இரண்டும் எங்கே ஒன்றாக ஒலிக்கின்றன? வாத்தியாரே படித்துக் காட்டியபோது ஒன்றில் 'ர்' கணீரென்று கேட்டது. பட்டியலைத் தயாரித்தவருடைய காது தென் இங்கிலாந்துக் காது. அங்கே மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் ரகரத்தை விழுங்கிவிடுவார்கள். விழுங்கியதும் சாஸ் என்பது தொட்டுக்கொள்ளும் சாஸா, ஊற்றுமூலம் என்ற சோர்ஸா என்று தெரியாது. ஸ்காட்லாந்துக்காரருக்கு இந்தத் தொந்தரவு இல்லை; அவர் ரகரத்தை உருட்டுவார். அவர்களில் பலர் சூனியக்காரி என்ற விட்சையும் எது என்ற விட்சையும்கூட வேறுபடுத்துவார்கள், பின்னதற்கு முன்னால் ஒரு மூச்சு வரும். அமெரிக்காவின் தென்பகுதியில் குண்டூசியும் பேனாவும் ஒன்றாகிவிட்டதால் பேனாவை 'இங்க் பென்' என்று நீட்டிச் சொல்கிறார்கள். நம் வாயில் மேற்கும் பனியனும் ஒன்று, ஈரமும் மாட்டு டாக்டரும் ஒன்று. நமக்கு இருப்பது ஒரே வகரம். எங்கள் பட்டியலை உண்மையில் எங்களுக்காகத் தயாரித்திருந்தால் அதில் நீதிமன்றம் இருந்திருக்காது, கால்நடை மருத்துவர் இருந்திருப்பார்.

ராபர்ட் பிரிட்ஜஸ் என்ற கவிஞருக்கு இந்த ரகர இழப்பு தாங்க முடியாத வேதனை. 1913 முதல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர். ஆங்கிலத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஒரு சங்கமே தொடங்கி, 1919இல் ஒலியொத்த சொற்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். ஒரே ஒலியில் பல சொற்கள் குவிவது மொழிக்கு நோய் என்பது அவர் கட்சி. ரகரத்தை விழுங்கும் தென்னகப் பேச்சு அந்த நோயை வளர்க்கிறது, அந்தப் பேச்சையே அகராதியில் பதிந்து ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் அதற்குச் சான்றிதழ் கொடுக்கிறார் என்று கோபப்பட்டார். அவருடைய பட்டியல் நீளம், கோபமும் நீளம். படிக்கும்போது பாவமாக இருந்தது. அவரை எங்கள் பள்ளிக்கு அழைத்து வந்து நாற்பது பையன்கள் ஒரே குரலில் 'கோர்ட்' என்று சொல்வதைக் கேட்க வைத்திருக்கலாம். ரகரம் எங்கே பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

அவர் சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் உண்மை. ஒரே ஒலியுள்ள சொற்கள் சில நேரம் ஒன்றையொன்று கொல்லும். அரசி என்ற குவீனுக்கு நிழல்போல இன்னொரு குவீன் இருந்தது. முதலில் அது வெறுமனே பெண் என்றுதான் பொருள். பிறகு நடத்தை கெட்டவள் என்றானது. பழைய ஆங்கிலத்தில் இரண்டின் உயிரொலியும் வேறு. இறைச்சியும் சந்திப்பும் ஒன்றான அதே அலையில் இவையும் ஒன்றாகின. இங்கே பூ அரைக்க வந்தானா என்று கேட்டுத் தப்பிக்க முடியாது. இரண்டும் பெண்ணைக் குறிப்பவை, ஒரே வாக்கியத்தில் ஒரே இடத்தில் வந்து உட்காரக் கூடியவை. மகாராணியைச் சொல்லும்போது கேட்பவன் உதட்டோரம் சிரித்தால் என்ன செய்வது? மரியாதை கெட்ட சொல் மெல்ல வழக்கொழிந்தது. அரசி பிழைத்துக்கொண்டாள்.

லெட் இன்னும் விசித்திரம். விடு என்பதும் லெட், தடு என்பதும் லெட். வேர்கள் வேறு, ஒலி ஒன்று, பொருள் நேர் எதிர். ஆவியைப் பின்தொடரும் ஹாம்லெட்டை நண்பர்கள் பிடித்து இழுக்கும் காட்சியில் அவன் இந்தச் சொல்லைத் தடுப்பது என்ற பொருளில்தான் சொல்கிறான். உரை இல்லாமல் படித்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும். தடுக்கிற லெட் பேச்சிலிருந்து போய்விட்டது. டென்னிஸில் வலையில் உரசிக்கொண்டு விழும் சர்வீஸுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் நம் சட்டைப்பையில். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்தால் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் இருக்கும்: இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள் என்று. அந்தத் தடைக்கு அங்கே இருக்கிற சொல் இந்த லெட்தான். போகவிடச் சொல்லும் வாக்கியத்துக்குள் தடுக்கும் லெட். இமிகிரேஷன் வரிசையில் நிற்கும்போது இதை நினைத்து ஒருமுறை சிரித்துவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை.

இத்தனையும் காகிதத்தில் நடக்கும் விளையாட்டு. காகிதம் இல்லாத இடம் ஒன்று உண்டு. 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு ஃப்ளையிங் டைகர் கம்பெனியின் 747 சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. விடியும் நேரம், மேகம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வந்தது: டிஸெண்ட், டூ ஃபோர் ஜீரோ ஜீரோ. இறங்கு, இரண்டு நான்கு பூஜ்யம் பூஜ்யம். அதாவது 2,400 அடி. விமானி அறையில் அந்த முதல் டூ எண்ணாக விழவில்லை, 'வரைக்கும்' என்ற டூவாக விழுந்தது. நானூறு வரைக்கும் இறங்கு. சரி, ஃபோர் ஜீரோ ஜீரோ என்று அங்கிருந்து பதில் போனது. அந்தப் பதிலில் ஒரு டூ குறைகிறதே என்று தரையில் இருந்தவர் பிடித்துக்கொள்ளவில்லை. தரை நெருங்குகிறது என்று கருவி கூவியது. விமானம் காட்டு மலைச்சரிவில் மோதியது. உள்ளே இருந்த நாலு பேரும் இறந்தார்கள்.

காரணம் அந்த ஒரு சொல் மட்டுமல்ல. வரைபடங்களைச் சரியாகப் பார்க்கவில்லை, எச்சரிக்கை மணியை மதிக்கவில்லை, உயரத்தை ஆயிரம் நூறு என்று சொல்லாமல் இலக்கம் இலக்கமாகச் சொன்னது முறையில்லை. எல்லாம் சேர்ந்தவைதான். ஆனால் என் மனம் அந்த டூவிலேயே நின்றுவிட்டது. எண்ணுக்கு ஒரு எழுத்து, வரைக்குமுக்கு ஒரு எழுத்து, கூடவுக்கு ஒரு எழுத்து என்று மூன்று டூவையும் பிரிக்க ஒன்றாம் வகுப்பிலிருந்து உலகமெங்கும் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். அந்தப் படிப்பு எதுவும் ரேடியோவில் பயன்படவில்லை. வழக்கமாக நம்மைக் காப்பாற்றும் சூழலும் அங்கே கைவிட்டது. இறங்கு என்ற சொல்லுக்குப் பின்னால் எண்ணும் வரலாம், வரைக்கும் என்பதும் வரலாம். இரண்டுமே இலக்கணப்படி சரி. தமிழில் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வராது, நமக்கு 'வரைக்கும்' எண்ணுக்குப் பின்னால்தான் ஒட்டும் என்று ஒரு கணம் பெருமையாக நினைத்தேன். நாலு பேர் செத்த இடத்தில் பெருமைப்படுவது அசிங்கமாக இருந்தது. நம் மொழியில் வேறு பள்ளங்கள் இருக்கின்றன.

விமானிகளின் ஆங்கிலத்தில் ஒன்பதை நைனர் என்றும் ஐந்தை ஃபைஃப் என்றும் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. கரகரப்பில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும் என்பதால். மூன்றை ட்ரீ என்பார்கள், 'த்' என்ற ஒலி எல்லா நாட்டு நாக்குக்கும் வராது என்பதால். ட்ரீ என்றால் மரமாயிற்றே? அங்கே யாரும் மரத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. அண்ணாச்சியைக் கேட்டுத்தான் அந்த விதியை எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

நம் பள்ளங்களுக்கு வருகிறேன். ஆங்கில வாத்தியார் போனதும் அடுத்த பீரியடில் தமிழய்யா வருவார். அவரிடமும் ஒரு பட்டியல். தலை, தளை, தழை. வலி, வளி, வழி. இரை, இறை. அரம், அறம். மயங்கொலி என்று இதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறோம். மயங்குவது காது, மயங்கக் கூடாதது கை. எங்கள் பக்கத்தில் ழகரம் பேச்சில் ளகரமாகிவிடும். மளை பெய்யும், வாளைப்பளம் பழுக்கும். சென்னையில் அதுவே யகரமாகும். தமிழய்யாவும் எங்கள் பக்கத்துக்காரர்தான். "மளைன்னு எளுதாதீங்கலே, எத்தன தடவ சொல்லுதேன்" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவர் வாயில் வந்த ஒலிக்கும் அவர் கேட்ட எழுத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பது எங்களுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. இரண்டு வாத்தியார்களும் வாயால் ஒன்றைச் சொல்லிக் கையில் இரண்டைக் கேட்டார்கள். நாங்கள் கொடுத்தோம்.

ஆனால் இந்த இரண்டு பட்டியலும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குதிரைவீரனின் ககரத்தை ஒலிக்கும் ஆங்கிலேயன் இன்று ஒருவனும் இல்லை. ழகரத்தை ஒலிப்பவர்கள் இருக்கிறார்கள். பேச்சில் ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துச் சொல்லும் வாய்கள் கன்னியாகுமரிப் பக்கம் உண்டு. நாகர்கோவிலிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் கரியையும் கறியையும் சொல்லும்போது நாக்கு இரண்டு இடத்தில் படும். நாங்கள் அவனைக் கேலி செய்தோம். பரிட்சையில் அவன் ஒரு ஜோடியும் தப்பு விட்டதில்லை. எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே தொட வேண்டும் என்று தொல்காப்பியர் ஒரு இயலே எழுதிவைத்திருக்கிறார். எங்களுக்கு மனப்பாடச் செய்யுள், அவனுக்கு அது வீட்டுப் பேச்சு. மற்றவர்களான நாங்கள் குழம்புகிற இடத்தில் ஒட்டுப்போட்டுச் சமாளிப்போம். அடுப்புக்கரி, ஆட்டுக்கறி. அந்த அமெரிக்கத் தென்பகுதிக்காரரின் இங்க் பென் மாதிரிதான்.

எப்போதாவது யோசிப்பேன், இந்த ஜோடிகளைப் பிரிக்கத் தெரிவது என்பது உண்மையில் என்ன? தாளில் பிரிப்பது மனப்பாடம். பேச்சில் பிரிப்பது சொல்லைக் கேட்பதே அல்ல. அதற்கு முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வருகிறது, யார் சொல்கிறார், கையில் பூக்கூடையா கோதுமை டப்பாவா என்று பார்ப்பது. அதற்கு மார்க் கிடையாது. கிழவிகளுக்கு நன்றாகவே வரும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி இல்லை, மகன் நடத்துகிறார். மிளகாய்க்குத் தனி மிஷின், கோதுமைக்குத் தனி மிஷின், தகரப் பலகைக்குப் பதில் ஃப்ளெக்ஸ். ஆங்கிலத்தில் எஃப், எல், ஓ, யூ, ஆர். யாரோ திருத்தியிருக்கிறார்கள். "அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு, நீங்கதான் அன்னிக்கே தப்புன்னு சொன்னீங்களாம். புது போர்டு அடிக்கும்போது மறக்காம மாத்திட்டேன்" என்றார் மகன், காப்பி சொல்லிவிட்டு.

ஃப்ளெக்ஸ் அடித்த பையன் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழையும் திருத்தியிருந்தான். சாமி பெயருக்குக் கீழே, மஞ்சள் எழுத்தில், 'புளோர் மில்'.

தரை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே ஐந்தாறு பேர் டப்பாவோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.